யூசுப் பாய் விட்ட கேப்பு

யூசுப் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் அவராகத்தான் இருந்தேன். விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'பிளேன் கொட்டாய் பாய் பரோட்டா வாங்குகிறார்' என்கிற என் மிமிக்ரி உருப்படியைச் செய்துகொண்டிருந்தேன். "அண்ணே… ரெண்டு… பரோட்டா…" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிடுவார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. கீழே இறங்கி, கை கொடுத்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிவிட்டுப் பார்த்தால், அழைத்தது பாயின் மகள் நஸீமா. திரும்பக் கூப்பிட்டேன். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா," என்றாள். எனக்குப் பின்னால் யாரோ அந்தப் பரோட்டாவைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது போனில் அவளுக்கும் கேட்டிருக்கும்.

சமையல், பந்தல், மேளம், வேன் என்று கல்யாணத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் பாயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் அந்தப் பெரிய தகரக் கொட்டகை, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் நிறுத்துவதற்காகப் போட்டது. ஊரில் அதற்குப் பெயர் பிளேன் கொட்டாய். எங்கள் தலைமுறையில் அதற்குள் விமானத்தைப் பார்த்தவர் யாருமில்லை. உர மூட்டை பார்த்திருக்கிறோம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை பார்த்திருக்கிறோம், கொஞ்ச காலம் கட்சிக் கூட்டம் நடந்தது, பிறகு புறாக்கள் குடியிருந்தன. அதைக் குத்தகைக்கு எடுத்து, கழுவி, வெள்ளையடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கியவர் கோட்டக்குப்பத்து யூசுப் பாய்.

அவர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் இப்படிப்பட்ட கொட்டகை ஒன்றில்தான் பல வருஷம் வேலை பார்த்தார். ஊர் திரும்பி, கடை வைக்க இடம் தேடிப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறார். "பாத்ததும் டியூட்டிக்கு நேரமாயிட்ட மாதிரி இருந்துச்சி மைக்கு, எறங்கிட்டேன்," என்பார். நான் மேடையில் அறிவிப்புச் செய்கிறவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் மைக்கு. அவர் பேச்சை இங்கே பெரும்பாலும் புள்ளி வைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியை ஊரில் சிலர் திக்குவாய் என்றார்கள். சிலர் துபாய் பந்தா என்றார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும், ஏனென்றால் நான் கேட்டேன். "அங்க ஒரு வார்த்தைய சொன்னா அது அந்தக் கோடி வரைக்கும் போயி திரும்பி வரும். வர்றதுக்குள்ள அடுத்தத அனுப்பினா ரெண்டும் முட்டிக்கினு கீழ விழுந்துடும். அதான் கேப்பு விட்டுப் பேசறது," என்றார். பழகிய வாய் டீக்கடையிலும் அப்படியே பேசியது. நம்முடைய கொட்டாயிலும் எதிரொலி அப்படித்தான். தவில் அடித்தால் இரண்டு தவில் கேட்கும். 'இங்கே தாலியே ரெண்டு தடவை கட்டின மாதிரி இருக்கு' என்று மேளக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பாய் கூரையிலிருந்து சாக்குகளையும் பழைய ஜமுக்காளங்களையும் தொங்கவிட்டுப் பார்த்தார். புறாக்களுக்குத்தான் வசதியாகப் போயிற்று.

பாயைப் புனிதராக்க நான் எழுதவில்லை. ஆள் இல்லாத பக்கம் மின்விசிறி ஓடினால் மாப்பிள்ளையின் அப்பாவையே அதட்டுவார். இஸ்திரி கலையாத வெள்ளை சஃபாரியில் வாசலில் நிற்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. ஒவ்வொரு கல்யாணத்திலும் அவரே மேடையேறி, "வாங்க… எல்லாரும்… சாப்ட்டுதான்… போவணும்…" என்று வரவேற்பார். கடைசி வரிசையில் இருக்கும் கிழவிக்கும் அது தெளிவாகக் கேட்கும். அதே மேடையில் நான் அடுக்குமொழியில் பேசியது எதுவும் எந்த வரிசைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது.

ஓர் அமாவாசை அன்று சாயங்காலம் பெருமழை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற வேன்கள் வழியிலேயே நின்றுவிட, பாய் கொட்டாயின் கதவுகளைத் தள்ளித் திறந்து எல்லோரையும் உள்ளே அழைத்தார். குழந்தையும் குட்டியுமாகக் கொட்டாய் நிறைந்துவிட்டது. மழை விட்டதும் ஜனம் மொத்தமாக வாசலை நோக்கி நகர்ந்தது. அதே நேரத்தில் வெளிக் கம்பத்திலிருந்து கரண்ட் கம்பி அறுந்து, வாசல் முன்னால் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. பாயும், அன்று மைக் செட்டைப் பார்க்க வந்திருந்த நானும் அதைப் பார்த்தோம். நான் என் பேட்டரி மைக்கை எடுத்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கொட்டாய் முழுக்க ஒரே இரைச்சல். ஏதோ விபரீதம் என்று மட்டும் புரிந்து, கூட்டம் இன்னும் வேகமாக வாசலுக்கு ஓடியது.

பாய் என் கையிலிருந்த மைக்கை அணைத்தார். மேடையில் ஏறி நின்று, கைகளை வாயருகே குவித்து, "நில்லுங்க," என்றார். காத்திருந்தார். "தண்ணில," என்றார். காத்திருந்தார். "கரண்ட்டு." அந்த இடைவெளியில் என் உயிர் போய் வந்தது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். "உக்காருங்க," என்றதும் அத்தனை பேரும் ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்தார்கள். மின்வாரியத்தில் லைனை நிறுத்தும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அதை நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் அதற்குச் சிரித்தவர்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே வளவனூரில் ஒரு மேடையில், அன்று அவர் நின்ற மாதிரியே கையைக் குவித்துக்கொண்டு, என் குரலில் பாய் பரோட்டா வாங்கினார். யாரோ அதைப் படம்பிடித்து அனுப்ப, போன் போனாகச் சுற்றியது. எனக்கு நிகழ்ச்சிகள் குவிந்தன. தெருவில் பிள்ளைகள் அவரைப் பார்த்து "பாய்… சௌக்… கியமா…" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவருடைய மண்டபத்திலேயே, அவர் பின்னால் நிற்கிறார் என்று தெரிந்தே அதைச் செய்தேன். முடிந்ததும் வந்து தோளில் கை போட்டார். "நல்லாத்தான் பண்ற மைக்கு. ஆனா கேப்பு பத்தல. இன்னும் கொஞ்சம் விடணும்," என்றார். பெரிய மனசு என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

அதற்கப்புறம் அவர் மேடையேறி வரவேற்கவில்லை. வாசலில் ஒரு போர்டு வந்தது: 'அனைவரும் வருக. சாப்பிட்டுவிட்டுச் செல்லவும்.' அதை நான் எத்தனையோ கல்யாணங்களில் தாண்டிப் போயிருக்கிறேன். பாய் ஏன் பேசுவதில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகுதான் கோட்டக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். நஸீமா டீ கொண்டுவந்து வைத்தாள். "கொஞ்ச நாளாவே அத்தா வீட்லயும் பேச்சக் கொறைச்சிட்டாங்க மாமா. ஜல்தியா பேசிப் பாப்பாங்க, வராது. சரி வுடுன்னு சும்மா இருந்துடுவாங்க," என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஒரு மனுஷன் தன் வீட்டு அறைக்குள் உட்கார்ந்து வேகமாகப் பேசப் பழகியதை நினைத்துக்கொண்டு, அந்த டீயைக் குடித்து முடித்தேன்.

அவருக்கான நினைவுக் கூட்டத்தைக் கொட்டாயில்தான் நடத்தினோம். நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்ததை என் வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தேன். நான்கு வாக்கியம் போவதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று மோதி இரைச்சலாகிவிட்டது. பின்வரிசையில் காதில் கையை வைத்துக் காட்டினார்கள். மைக்கை அணைத்தேன். அங்கே காதில் விழ வேண்டுமென்றால் பேசுவதற்கு ஒரே வழிதான் உண்டு.

"யூசுப்…" என்றேன். காத்திருந்தேன். "பாய்…"

முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். உருப்படி ஆரம்பமாகிறது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பழக்கிவிட்டவன் நான். அந்தச் சிரிப்பு கோடிச் சுவர் வரை போய், அங்கிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பி வந்தது. அது வந்து அடங்கும் வரை நின்றேன். பிறகு, ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருந்து, அந்த அமாவாசை அன்று நடந்ததைச் சொன்னேன். நீங்கள் யாரும் மறுபடி சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது நஸீமா வந்தாள். "அத்தா பேசுன மாதிரியே இருந்துச்சி மாமா," என்றாள். எத்தனையோ மேடைகளில் இதே வார்த்தையைக் கேட்டுப் பூரித்திருக்கிறேன். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பரோட்டா உருப்படி கேட்டு இன்னமும் கூப்பிடுகிறார்கள். செய்வதில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த இடைவெளி ஒன்றுதான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அங்கே நிற்கிறபோதெல்லாம், கேப்பு பத்தல என்று அவர் சொன்னது காதில் விழுகிறது. இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.