வேஸ்ட் துணி அடைத்த சுவர்

ஓனர் வீட்டை ஒட்டிய சாய்ப்பில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் தகரக் கூரை அவர் மாடியின் கைப்பிடிச்சுவரில் முட்டுகிற இடத்தில் ஒரு சந்து. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கி எங்கள் சுவரை ஊற வைக்கும். சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, மடக்கிய தகரப் பட்டையை உள்ளே சொருகிப் பூசினால் தீர்ந்தது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். ஓனர் கேட்கவில்லை. பனியன் கம்பெனி வைத்திருப்பவருக்கு வேஸ்ட் துணிதான் சகலத்துக்கும் மருந்து. ஒரு மூட்டை கொண்டுவந்து சந்தில் திணித்து, மேலே சிமெண்ட் பூசச் சொன்னார்.

“அண்ணே, காட்டன் தண்ணியக் குடிக்குமே” என்றேன்.

“அதெல்லாம் கெட்டியா அடைச்சுக்குமுங்க” என்றார். மரியாதையில் மட்டும் ஒரு சொட்டு குறையாது.

வெயிலில் சிமெண்ட் வெடித்தது. அடுத்த மழையைத் துணி வயிறு முட்டக் குடித்துவிட்டு, மழை விட்ட பிறகும் ஒரு வாரம் எங்கள் சுவரில் கக்கியது.

நான் அவர் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறேன். பனியனில் கடுகளவு கறை இருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். ஒன்றைத் தப்பவிட்டால் ஓனரின் அந்த மரியாதை அன்றைக்கு இருக்காது. எரிச்சல் தாங்காமல் ஒரு ஷீட் ஸ்டிக்கரை எடுத்து வந்து, எங்கள் சுவரின் ஈரக் கறையைச் சுற்றிக் காய்ந்த இடமெல்லாம் ஒட்டினேன். அத்தனை அம்பும் ஈரத்தைக் காட்டி நின்றன. பிறகு ஓனரைக் கூப்பிட்டேன்.

வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தார்.

“ஏனுங்க, செவுத்துல இப்படி ஸ்டிக்கர் ஒட்டுனா பெயிண்ட் உரிஞ்சு போயிருமுங்க.”

உரிய வேண்டிய பெயிண்டெல்லாம் ஏற்கெனவே என் அரிசிப் பாத்திரத்தில் கிடந்தது.