கூலிக்கு ஆடிய கட்சி

என் புருஷன் சடுகுடு ஆடிச் சம்பாதித்தார் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. அன்றைக்கும் பாதிப் பேர் நம்பவில்லை. சடுகுடு என்பது அறுப்பு முடிந்த வயலிலும் திருவிழாப் பொட்டலிலும் ஊருக்கு ஊர் மல்லுக்கு நிற்கிற ஆட்டம். ஜெயித்தவன் தலையில் ஒரு துண்டைக் கட்டுவார்கள். தோற்றவன் மண்ணை ஆற்றில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதற்குப் போய் யாராவது நெல் அளப்பார்களா?

கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரி அளந்தார். கூடலூர்த் திருவிழாவில் கம்பத்துக் கட்சி வருஷம் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்தது. அவர் சரக்குக் கிட்டங்கி வாசலில் மூட்டை இறக்கும்போதெல்லாம் கூடலூர் வண்டிக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். உள்ளூர்ப் பையன்களைத் திட்டிப் பார்த்து அலுத்த மனுஷர், கடைசியில் வருசநாட்டில் இரண்டு பேர், ஜெயமங்கலத்தில் ஒருவர் என்று எங்கெங்கோ தேடி ஒன்பது பேரைப் பிடித்தார். வாராவாரம் கிட்டங்கியில் நெல் அளந்தார்கள். உளுந்தும் நல்லெண்ணெயும் தனி. இடுப்பில் கட்ட ஆளுக்கொரு பச்சைத் துண்டு. காலையில் ஆற்று மடுவில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் சடுகுடு பாட முடியும் என்று பழகினார்கள். தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கை.

அந்த ஒன்பது பேரில் மூச்சு நீளம் என் புருஷனுக்கு. அவருக்கு நிலம் கிடையாது, மாடு கிடையாது. பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டிப் போனால் எதிர்க் கட்சி முழுவதும் மேலே விழுந்தாலும் பாட்டு அறாது. ஆமை மாதிரி அவர்களையும் சுமந்துகொண்டு நகர்ந்து நகர்ந்து கோட்டுக்கு வந்துவிடுவார். ஜனங்கள் அவர்களைக் கூலிக் கட்சி என்றார்கள். முகத்துக்கு முன்னால் சொல்லமாட்டார்கள். நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் தெருவில் வரும்போது எனக்குப் பின்னால் சொல்வார்கள். சோறு வெந்தால் எனக்குப் போதும் என்று நடப்பேன்.

என் பிறந்த ஊர் கூடலூர். அதுதான் வினையாகப் போயிற்று. அந்த ஊர்க் கட்சிக்குத் தலைவர் என் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். எனக்குத் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தபோது, காது குத்துக்கு அவர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும் என்பதை யாரும் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. தாய்மாமன் மடி அவருடையது. அவரும் பங்குனியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் தை பிறந்ததும் கூலிக் கட்சி கூடலூருக்கு ஆடப் போகிறது என்று சேதி வந்தது. அண்ணன் தன் வண்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் புருஷன் வெளியே போயிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஊருக்காக ஆடுறவன் தோத்தாலும் ஒரு மருவாதி இருக்கு. கூலிக்கு ஆடுறவனுக்கு எந்த ஊரு? நாளைக்கு இன்னொருத்தன் ரெண்டு மரக்கா கூட அளந்தா அங்கன போயி ஆடுவாகளா? மாப்பிள்ளைய இந்த ஒரு ஆட்டத்துக்கு வராம இருக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன். கெஞ்சியும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். என் புருஷன் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"மச்சானுக்குக் காடு கெடக்கு, வண்டி கெடக்கு. அவுக ரோசத்துக்கு ஆடலாம். எனக்கு இந்த மூச்ச விட்டா வேற என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இருவர் சொல்வதும் சரியாக இருந்தால் நடுவில் இருப்பவள் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

ஆட்டத்தன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பொட்டலுக்கு அப்பால் நின்ற கூண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அதற்கு மேல் போகக்கூடாது. கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் எனக்குக் காது போதும். யார் பாடிப் போகிறார், யார் பிடிபட்டார் என்பது பாட்டிலேயே தெரிந்துவிடும். பொழுது சாயும்போது என் புருஷன் குரல் கோட்டைத் தாண்டிப் போயிற்று. திடீரென்று அது அமுங்கியது. யாரோ இடுப்பைச் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பிடி யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பாட்டு நிற்கவில்லை. தரைக்குள்ளிருந்து வருவதுபோல வந்துகொண்டே இருந்தது. அது அறுந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அறுந்துவிடக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். கம்பத்துக்காரர்கள் போட்ட கூச்சலில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதான்.

அண்ணன் உடம்பெல்லாம் மண்ணோடு வண்டிக்கு வந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவனுக்கு வேற மடி பாத்துக்க, ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பங்குனி வந்தது, போனது. என் சின்னம்மா மகன் ஒருவர் இருக்கிறார், அவரை உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று மாமியார் சொன்னார். தாய்மாமன் மடி சந்தையில் கிடைக்கிற சாமானா என்று கேட்டேன். உடன்பிறந்தவர் உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் மடியில் என் பிள்ளை உட்காரமாட்டான். அவன் நடக்க ஆரம்பித்தான், பேச ஆரம்பித்தான். தெருப்பிள்ளைகள் மூளிக்காதன் என்று கூப்பிட்டன. அவனும் அதுதான் தன் பெயர் என்று திரும்பிப் பார்ப்பான். அண்ணன் மேல் வந்த கோபத்தைப் புருஷன் மேலும், அவர் மேல் வந்ததைப் பாத்திரங்கள் மேலும் காட்டினேன்.

கூலிக் கட்சி முடிந்துபோனதற்கு ஒரு பெரிய கதையும் இல்லை. ஏலச்செடியில் நோய் விழுந்தது. வியாபாரிக்கு நெருக்கடி. ஒருநாள் கிட்டங்கிக்குப் போனால், இனிமேல் நெல் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். கொடுத்த பச்சைத் துண்டுகளையும் கேட்டார்கள். பெரியகுளம் வரைக்கும் போய் ஜெயித்த கட்சி, ஒரு ஊரிலும் இரண்டு முறை தோற்காத கட்சி, அதன் முடிவு இவ்வளவுதான். என் புருஷன் துண்டைத் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது மலைமேல் அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்பது பேரும் பிரியாமல் ஒரே கூட்டமாகப் போய்க் கல் சுமந்தார்கள். அவர்கள் மட்டுமா? பள்ளத்தாக்கில் பாதி ஆண்பிள்ளைகள் கூலிக்கு மலை ஏறிவிட்டார்கள். கோமாரியில் மாடுகள் செத்து, வண்டி முற்றத்தில் நிற்க, என் அண்ணனும் சுண்ணாம்புக் கூடை தூக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுப்பு மூட்டி உலை கொதிப்பதற்குள் அது போய்விட்டது. வெயிலில் அவர் வரிசையில் நின்று கூலி வாங்குவது மட்டும் கண்ணுக்குள் நின்றது.

மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் இறங்கியது. ஜெயமங்கலத்துக்காரர் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து நின்றதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் புருஷனை மேலேயே புதைத்துவிட்டார்களாம். நான் அழவில்லை. சுற்றியிருந்தவர்கள் அழச் சொன்னார்கள். வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள்.

வருஷம் திரும்பிய பிறகு ஒரு காலை அண்ணன் வந்தார். காய்ச்சலில் அடிபட்டுப் பாதி ஆளாக இருந்தார். ஒரு கையில் சீர்த் தட்டு, பின்னாலேயே காது குத்துகிற ஆசாரி. யாரும் கூப்பிடவில்லை, யாரையும் அவர் கேட்கவில்லை. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஏலே, இங்கன வாடா" என்று என் பிள்ளையை அழைத்தார். அவனும் தெரிந்தவரிடம் போவதுபோலப் போய் மடியில் உட்கார்ந்தான்.

தாலி அறுத்தவள் முன்னால் நிற்கக்கூடாது என்று நான் அடுப்படி வாசலோடு நின்றேன்.

"அங்கன ஏன் நிக்கிற? வந்து பிள்ளை தலையப் பிடி" என்றார் அண்ணன்.

பிடித்தேன். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டான். கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அண்ணன் பேச ஆரம்பித்தார்.

"மலையில லீவு நாள்ல ஆடுவோம். ஒங்க ஒம்போது பேரும் அங்கனயும் ஒரே கட்சிதான். அந்த ஒரு தடவ காய்ச்சல்ல ஆளு கொறஞ்சுபோச்சு. மாப்பிள்ளை என்னையப் பாத்தாக. கூப்பிடல. பாத்தாக, அம்புட்டுத்தான். நானா எந்திரிச்சுப் போயி அவுக பக்கத்துல நின்டேன். அவுகளுக்கும் அப்பவே மேலு சுட்டுச்சு. பாடிப் போனாக. பாதியிலயே மூச்சு அறுந்துபோச்சு. நாந்தான் தூக்கிட்டு வந்தேன். அப்புறம் அவுக எந்திரிக்கவே இல்ல."

வேறு எதையும் கேட்கத் தைரியம் இல்லாமல், யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன்.

"நம்ம கட்சி தோத்துப்போச்சு, ஆத்தா" என்றார்.

ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. தெருவே கேட்கும்படி அழுதேன். ஆசாரி மறு காதுக்கான ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.