செக்போஸ்ட்டில் பிடிபட்ட கேக்

புதுச்சேரியில் சைக்கிளில் நெடுந்தூரம் போக ஆசைப்படுகிறவனுக்கு முதல் எதிரி கடல். முதலியார்பேட்டையில் என் வீட்டிலிருந்து கிளம்பி, உடம்பு கொஞ்சம் சூடாவதற்குள் கடல் வந்து நிற்கும். வடக்கே தட்டாஞ்சாவடிப் பக்கம் போனால் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் லாரி ரிவர்ஸ் எடுக்கும். லாரி இல்லாத இடத்தில் நாய்கள் துரத்தும்.

இந்த ஆசை எனக்குத் தானாக வரவில்லை. என் சர்க்கரை மாத்திரைக்கு அடங்க மறுத்தது. "மூணு மாசம் டைம் தரேன். உடம்ப அசைங்க. கொறையலன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர். ஊசி என்றால் எனக்கு அத்தனை பயம். ரத்தம் எடுக்கும்போதுகூட மனைவி பக்கத்தில் நின்று என் கண்ணைப் பொத்த வேண்டும். அப்படிப்பட்டவன் தினமும் தன்னைத் தானே குத்திக்கொள்வதா? அதற்குச் சைக்கிளிலேயே இமயமலைக்குப் போய்விடலாம் என்று தோன்றியது.

ஆனால் நான் சுகவாசி. பிடிக்காத எதையும் ஒரு வாரத்துக்கு மேல் செய்ததில்லை. அதனால் ரசித்துப் போகிற மாதிரி ஒரு வழி வேண்டும். பழைய பிரெஞ்சு வீடுகள் இருக்கிற ஒயிட் டவுனைச் சுற்றிப் பார்த்தேன். மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்களுக்காகத் தெருவுக்குத் தெரு இறங்கி நிற்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்னை நிறுத்தி, "அண்ணா, இந்த சைக்கிள் ஒரு நாளைக்கு என்ன வாடகை?" என்று கேட்டது. சொந்தச் சைக்கிள் என்றேன். அவர்கள் நம்பவில்லை. எங்கள் பேட்டைக்குள்ளேயே சுற்றினால் தெரிந்தவர்கள் மறித்து, "ஸ்கூட்டர வித்துட்டீங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

கடைசியில் தெற்கேதான் அகப்பட்டது. தவளக்குப்பம் தாண்டி, மெயின்ரோட்டை விட்டு உள்ளே போனால் பாகூர் ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல். ஹாரன் சத்தம் கிடையாது. எதிர்க்காற்று அடித்தால் திட்டிக்கொண்டு போகலாம், பின்னாலிருந்து தள்ளினால் பாடிக்கொண்டு போகலாம், கேட்க ஆளில்லை. அங்கிருந்து மறுபடி கடலூர் ரோட்டைப் பிடித்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, தென்பெண்ணை ஆற்றங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் கிளம்புவது வழக்கமாயிற்று. அத்தனை சந்தோஷமாக நான் வேர்த்ததே இல்லை.

ஆற்றங்கரையில் சும்மா உட்கார முடியுமா? உப்பளத்தில் ஒரு பேக்கரியில் ரம் கேக் கிடைக்கும். ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய திராட்சையுமாகக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் செய்வது. அந்தப் புண்ணியவான்கள் வருஷம் முழுக்கச் செய்கிறார்கள். இவ்வளவு தூரம் மிதித்தவனுக்கு ஒரு துண்டு தப்பில்லை என்று நானே டாக்டராகித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். போகப் போகத் துண்டு கொஞ்சம் பெரிதானது. மனைவிக்குத் தெரியாது.

நம்மூரிலிருந்து யாராவது சரக்குப் பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்க்க எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸ் நிற்கும். ஒரு ஞாயிறு, கார்களையெல்லாம் விட்டுவிட்டு ஏட்டு என்னை நிறுத்தினார். தொப்பையும் முறைப்புமான மனிதர். என் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்தார்.

"என்ன சார், ரம் வாசன வருது?"

"கேக்குங்க. கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்ல செய்வோம்."

"இப்ப ஜூலை மாசம் சார். இந்த வயசுல எதுக்கு இவ்ளோ தூரம் சைக்கிளு?"

பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சர்க்கரை, டாக்டர், ஊசி, மனைவி கண் பொத்துவது வரைக்கும். ஏட்டு என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுகர வெச்சிக்கினு இத துன்னப் போறீங்களா?" என்று பொட்டலத்தை எடுத்துத் தன் மேசைமேல் வைத்தார். "நீங்க போலாம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரம் கேக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மோப்பம் பிடித்துவிட்டார். அதற்கடுத்த வாரம் ஜிலேபி. "இதுல ரம் இல்லீங்களே" என்றேன். "பாகு இருக்குதில்ல" என்றார். என் பண்டத்தைத் தின்றுதான் அந்தத் தொப்பை வளர்கிறது என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே மிதித்தேன்.

ஒரு நாள் டயரில் காற்று இறங்கிவிட்டது. ஆறு வரைக்கும் போகாமல் பாதியிலேயே திரும்பிச் செக்போஸ்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்று காலையில் ஏட்டு பிடுங்கி மேசையில் வைத்த என் மைசூர்பாகை ஒரு லாரி டிரைவர் தின்றுகொண்டிருந்தார். ஏட்டைக் காணோம். எட்டிப் பார்த்தேன். போலீஸ் கூண்டுக்குப் பின்னால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துத் தன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் சட்டையை இறக்கினார். "தெனம் ரெண்டு வேள. பழகிடும்னாங்க. எங்க பழகுது? கண்ணப் பொத்த இங்க யாரு இருக்கா?" என்றார்.

எனக்கு வெட்கமாகவும் அவர்மேல் பாசமாகவும் இருந்தது. அதன்பிறகு நான் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் பையைத் திறந்து காட்டாமல் அந்த இடத்தைத் தாண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. "ஊசி வேணாம். இப்படியே ஓட்டுங்க" என்றார் டாக்டர். அந்த ஞாயிறு உப்பளத்தில் கேக்கில் பெரிய துண்டாக ஒன்று வாங்கினேன். ஏட்டு பிடுங்கட்டும், பிடுங்கும்போது விஷயத்தைச் சொல்லலாம் என்று திட்டம்.

செக்போஸ்ட்டில் புதிதாக ஒரு இளம் போலீஸ்காரர் நின்றிருந்தார். ஏட்டைத் திண்டிவனம் பக்கம் மாற்றிவிட்டார்களாம். பையைப் பார்த்தார், மோந்தார். "கேக்கா சார்? போங்க" என்று வழிவிட்டார்.

நான் நகரவில்லை. ஆறு இன்னும் கொஞ்ச தூரந்தான். கையில் கேக். தடுக்க ஒருவரும் இல்லை. ரம் வாசனையில் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"இத நீங்க எடுத்து வெச்சிக்கணும்" என்றேன்.

"எதுக்கு சார், லஞ்சமா?"

"இல்ல. எனக்கு சுகர் இருக்கு."

"அப்ப எதுக்கு சார் வாங்குனீங்க?"

பொட்டலத்தை நீட்டியபடியே நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதை வாங்கி அதே மேசைமேல் வைத்தார்.

"சரி, நீங்க போலாம்."