உப்புக் கிணற்றில் நுரை

தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து வேகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் சரி, என் முதுகு நிமிர்ந்துவிடும்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. துணி துவைக்க மேலத்தெருக் கிணற்றுக்குப் போகவேண்டும். அங்கே கயிற்றை நாங்கள் தொடக்கூடாது. அவர்கள் வேலை முடியும்வரை மூட்டையோடு நின்றால், யாராவது இறைத்து உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஒரு நாள் உச்சிவெயில்வரை நிற்கவைத்துவிட்டு, "இன்னிக்கி இல்ல, போங்க" என்றாள் கிணற்றுக்கார அம்மாள்.

அண்ணி மூட்டையைத் தூக்கினாள். "இனிமே இங்க கால் வெக்கமாட்டேன்."

சரி, துவைப்பது எப்படி? விடுமுறைக்கு வந்திருந்த நான் வேதியியல் மாணவி. கடலையெண்ணெயில் சோப்புக் காய்ச்சினேன். உப்புத் தண்ணீரில் அது நுரைக்கவில்லை. திரிந்து, சாம்பல் பிசுக்காகத் துணியில் ஒட்டியது.

"இன்னாத்த படிச்சியோ!" அண்ணி சிரித்தாள். மரக்காணத்துக்காரி, உப்பளத்தில் வளர்ந்தவள். "எங்க ஊர்ல கடத்தண்ணியிலயே தொவைப்போம். தேங்காண்ணெ சோப்பு. இத்த எவ தொடுவா?"

அப்போதுதான் உறைத்தது. அந்த வருடம் வகுப்பில் ஒரு பாலிமரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். தண்ணீரை விரும்பும் துண்டும் வெறுக்கும் துண்டும் ஒரே சங்கிலியில். தண்ணீரில் விட்டால், யாரும் அடுக்காமலே உருண்டை உருண்டையாகக் கூடிக்கொள்ளும். வெறுப்பது உள்ளே, விரும்புவது வெளியே. உப்பைப் போட்டால் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இல்லை, இன்னும் சீக்கிரமாகக் கூடுமாம். சோப்பும் அதே சாதி, உருவம்தான் சின்னது. தண்ணீரை வெறுக்கும் துண்டுதான் அதன் வால். வால் நீண்ட கடலையெண்ணெய் சோப்பை உப்பு வெளியே தள்ளிவிடும். தேங்காயெண்ணெய் சோப்புக்கு வால் குட்டை, உப்புக்குள்ளேயே தாக்குப்பிடிக்கும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கிணற்றடியில் நினைவு வரவில்லை.

மறுபடி காய்ச்சினோம். அண்ணி வாளிக்குள் கையைவிட்டுக் கலக்கினாள். முழங்கைவரை நுரை. தெருப் பெண்கள் எல்லோரும் மூட்டையோடு வந்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, கடைத்தெருவுக்குப் போகிற வழியில் கிணற்றுக்கார அம்மாள் எங்கள் தெருமுனையில் நின்றாள். "இன்னாடி, ஒருத்தியையும் காணோம்? அழுக்கோடவே திரியறீங்களா?"

அண்ணி வெள்ளைப் புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "நல்லா பாத்துக்கம்மா."

"திமிரு! கோடையில உங்க கெணறு வத்திச்சின்னா எங்க கெணத்துக்குத்தான வரணும்?"

"நீங்க வேணா இங்க வாங்கம்மா. உப்புத் தண்ணிதான். ஆனா ஒருத்தரும் வெயில்ல காத்துக்கினு நிக்க வேணாம்."