மாமா குறைத்த எடை

மளிகைக் கடைத் தராசின் ஒரு தட்டில் சைக்கிள் பெடல், இன்னொன்றில் எடைக்கற்கள். துவரம் பருப்புக்கு நின்ற பெண்கள் முணுமுணுக்க, மாமா குனிந்து தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நீலசந்திராவில் எங்கள் தெருவுக்குப் பழகிப்போன காட்சி இது. "ஒந்து நிமிஷாம்மா, பெடல் எறங்கினாத்தான் பருப்பு ஏறும்" என்று கடைக்காரர் கன்னடம் கலந்து சமாதானம் சொல்வார்.

மாமா என் அக்காவின் கணவர். ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை. அக்கா கார்மென்ட்ஸில் தையல் மெஷின் ஓட்டினாள். ஷிஃப்டுக்கு முன்னால் ஓசூர் சாலையில் சைக்கிள் ஓட்டினாள். அவளுடைய போட்டிக்கு டைம் ட்ரையல் என்று பெயர். ஒவ்வொருவராகப் புறப்பட்டு, யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல், கடிகாரத்தோடு மட்டும் மோதுவது. மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு, தையல் மெஷினை விட்டு எழுந்துவிடலாம். வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுத் தேர்வுதான் கடைசி என்று அவளே சொல்லியிருந்தாள்.

மாமா தன் பங்குக்கு வண்டியின் எடையைக் குறைத்தார். பற்சக்கரத்தில் துளை, பிரேக் பிடியில் துளை, சீட்டைத் தாங்கும் குழாயில் துளை. திருகுகளின் தலையைக்கூட அரத்தால் ராவினார். வேலை முடிந்தும் டூல் ரூமிலேயே தங்கி, விரல் ரேகைகளில் உலோகத் தூளோடு வீட்டுக்கு வருவார். "விட்டா என்னையும் ஓட்டை போட்ருவாரு" என்று அக்கா சிரிப்பாள்.

தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன், கூட ஓட்டும் பெண் ஒருத்தி தன்னுடைய பழைய பாரை இரவல் தந்தாள். ஹேண்டில்பாருக்கு முன்னே நீளும் இரண்டு குழாய்கள், முழங்கையை ஊன்றத் திண்டுகள். அதன்மேல் கவிழ்ந்தால் உடம்பு ஒடுங்கும், காற்று முதுகில் வழுக்கிப் போகும். ஆனால் எடை அரைக் கிலோவுக்கு மேல். மாமா மாதக்கணக்கில் ராவி எடுத்ததெல்லாம் ஒரே பொருளாகத் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டது. நான் அப்போது ஒரு பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். மேட்டில்தான் எடை பெரிது, சமதளத்தில் காற்றுதான் எதிரி என்று வெளிநாட்டுச் செய்திகளில் படித்ததைச் சொன்னேன். "காத்தைத் தராசுல வெச்சுக் காட்டு மச்சான், ஒத்துக்கறேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அரத்தை எடுத்து அடுத்த திருகை ராவ உட்கார்ந்தார்.

அக்கா அந்தப் பாரோடு பழகினாள். சந்தாபுராவைத் தாண்டிய நேர்ச்சாலையில் அவள் வேகம் கூடியிருந்தது. கடிகாரம் அதைச் சொன்னது.

தேர்வு அதே சாலையில், அத்திபெலே அருகே. வேனிலிருந்து இறக்கியபோது வண்டியில் பார் இல்லை; அவள் பைக்குள் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "கழட்டிட்டேன்டா. அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல. நீ எதுனா உளறி வெக்காதே." மாமா வந்து வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பூ மாதிரி இருக்குதுமே" என்றார்.

ஓசூர்ப் பக்கமிருந்து எதிர்காற்று அடித்தது. அக்கா நெஞ்சைக் கொடுத்து அதில் மோதிக்கொண்டு போனாள். இடம் இரண்டு பேருக்கு. அவள் மூன்றாவதாக வந்தாள். இரண்டாமவளுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த நேரத்தில் ஒருவர் ஒருமுறை தும்மியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் கொறச்சிருக்கணும்" என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா மறுக்கவில்லை. மறுநாள் தையல் மெஷினுக்குப் போனாள்.

சில ஆண்டுகளில் அவளை நோய் பிடித்தது. ஆஸ்பத்திரி வார்டில், ஒரு மத்தியான வேளையில், என் எதிரிலேயே சொன்னாள்.

"யோவ், ஒண்ணு சொல்லணும். அந்தப் பாரை மாட்டியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். எடை இல்லய்யா, காத்துதான்."

"தெரியும்" என்றார் மாமா.

அக்கா தலையைத் திருப்பினாள்.

"நீ வேலைக்குப் போயிருந்தப்போ ஒரு நாள் நானே எடுத்துனு போய் ஓட்டிப் பார்த்தேன். கத்தி மாதிரி போச்சு. தேர்வு அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். பார்த்தா, கழட்டி வெச்சிருக்கே. பைக்குள்ள இருந்ததையும் பார்த்தேன். எனக்காகக் கழட்டியிருக்காளேன்னு ஒரு சந்தோஷம். மாட்டுன்னு சொல்ல வாய் வரலமே."

"போய்யா, நீயும் உன் சந்தோஷமும்" என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அந்த மாதமே போய்விட்டாள்.

இப்போது ஓசூர் சாலை அகலமாகிவிட்டது. அத்திபெலேயில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு நானும் மாமாவும் எப்போதாவது பஸ்ஸில் போவோம். சந்தாபுரா தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் அவர் என் தோளைத் தொடுவார்.

"ஜன்னலை மூடு மச்சான். காத்து."