அமாவாசையில் நின்ற தறி

புதன்கிழமை விடியற்காலையில் ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூரில் மாறி, ஒன்பது மணிக்கு ஆரணியில் இறங்கினேன். வேலூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீ குடித்த நேரத்தில் நான் நடந்தே வந்திருக்கலாம்.

சனிக்கிழமை என் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய், வருஷக்கணக்காக ஜெபித்தபின் கூடிய இடம் இது. சபையில் சொன்னார்கள் என்று, சேவூர் நெசவாளர் ஏகாம்பரத்திடம் சந்தன வெள்ளையில் பட்டுச் சேலை நெய்யக் கொடுத்திருந்தோம். ரவிக்கைத் துணியும் சேலையோடு சேர்ந்தே வரும். வியாழன் சாயங்காலத்துக்குள் துணி கைக்கு வராவிட்டால் தைக்க முடியாது என்று டெய்லர் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து சேவூருக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய்.

"தறிக்காரர் வூட்டுக்கா? இன்னிக்கி அமாவாசைங்க. ஒருத்தரும் தறியில உக்கார மாட்டாங்க" என்றார் டிரைவர்.

"அமாவாசைக்கு மறுநாள் வாங்க" என்றுதான் ஏகாம்பரம் போனில் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் காலண்டரில் நாளுக்கொரு வசனம் இருக்கும், அமாவாசை இருக்காது. மறுபடி போன் போட்டுக் கேட்கக் கூச்சம். செவ்வாய் ராத்திரி வாசலில் நின்று பார்த்தேன். நிலா இல்லை. அதுதான் அமாவாசை என்று நானே முடிவுகட்டிப் புறப்பட்டுவிட்டேன்.

தெரு முழுக்க ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. ஏகாம்பரம் குளித்து விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். தறியின்மேல் வேட்டி போர்த்தியிருந்தது.

"இன்னாங்க, ஒரு நாள் முன்னாடியே வந்துகினு! ரவிக்கைத் துணிதான் பாக்கி. நாளைக்கி காலையில முடிஞ்சிரும்."

"இன்னிக்கே கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"ஞாயித்துக்கெழம கோயிலை வுட்டுட்டு நீங்க வேலைக்குப் போவீங்களா?"

செருப்புக் கம்பெனியில் ஓவர்டைம் என்று எத்தனையோ ஞாயிறு போயிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் அவர் மனைவி செல்வி இலை போட்டார். படையல் சாப்பாடாயிற்றே என்று நெளிந்தேன்.

"பயப்படாதீங்கண்ணா. உங்களுக்குத் தனியா ஒல வெச்சி வடிச்சேன். சாமிக்கு வெக்கல, காக்காவுக்கும் வெக்கல. குந்திச் சாப்பிடுங்க."

ராத்திரி ஆரணியில் அறுநூறு ரூபாய்க்கு லாட்ஜ். ஃபேன் சுற்றவில்லை, கொசு சுற்றியது. முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, உமக்கு ஆயிரம் வருஷமும் ஒரு நாள்தான். டெய்லருக்கு அப்படி இல்லையே. ஒரு நாள் முன்னாலே என்னை எதற்கு இங்கே கூட்டிவந்தீர்?" கோபத்தோடே படுத்தேன்.

வியாழன் ஆறு மணிக்கெல்லாம் நான் சேவூரில் இருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்குக் கடைசி இழை விழுந்தது. ஏகாம்பரம் கத்தியை எடுத்தார், அறுக்கவில்லை.

"நாங்க கற்பூரம் காட்டித்தான் அறுப்போம். உங்களுக்கு ஆகாது. நீங்க ஒரு ஜெபம் சொல்லுங்க."

நான் சபையில் வாய்திறந்து ஜெபித்ததே இல்லை. போதகர் ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்வேன். ஐந்தாவதுவரை படித்தவனுக்கு அந்த வார்த்தையெல்லாம் வராது.

"ஜல்தி சொல்லுங்க, பஸ்ஸு போயிரும்" என்றார் செல்வி.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நேற்றே முடித்திருக்கலாம். நீர் முடிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. எஸ்தருக்கு வந்த இடமெல்லாம் ஏன் தட்டிப்போனது என்றும் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன், விடவும் முடியவில்லை. இதைக் கட்டுகிற பிள்ளை நன்றாக இருக்கட்டும். நெய்த கை நன்றாக இருக்கட்டும்."

"ஆமேன்" என்றார் செல்வி, எனக்கு முன்னால். ஏகாம்பரம் அறுத்தார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. கண்டக்டரைக் காணோம். எரிச்சலில் வேர்த்து உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் போனில் வந்தாள்.

"கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுதும்மா. ஜெபம் பண்ணித்தான் அறுத்தாங்க."

"அங்க யாருப்பா ஜெபம் பண்ணது?"

"நான்தான்."

"சத்தமாவா?" என்றாள்.