இரண்டு ‘ஷி’ போத்தல்கள்

கண்டி நகரத்துக் காப்புறுதிக் கிளையொன்றில் ஷிபானா எழுதுவினைஞர். தாய்ப்பாலின் மகிமையைச் சொல்லும் சுவரொட்டியை முகாமையாளர் வரவேற்பறையில் பெருமையாக ஒட்டியிருந்தார். பால் எடுக்க அவளுக்குக் கிடைத்ததோ பழைய கோப்புகள் கிடக்கும் அறை. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்து, கைப்பம்பை அமுக்கி அமுக்கிப் போத்தலை நிரப்புவாள். மறுநாள் காலை அது கைக்குழந்தை மகன் பஹீமோடு, பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டேகெயாருக்குப் போகும்.

நிரம்பிய போத்தல்தான் போனது. ஆனாலும் டேகெயார் நடத்தும் மேபல் மிஸ், மாலையில் தலையைச் சாய்த்துப் பிள்ளைக்குப் பால் பத்தவில்லை என்பார். பஹீம் வீடு வரும்வரை அழுதுகொண்டே வருவான். மாமியார் கைரியா இதைக் கேள்விப்பட்டதிலிருந்து வெந்தயக் கஞ்சியாலும் வெள்ளைப்பூண்டுக் கறியாலும் மருமகளைத் திணறடித்தார். அதற்கும் பலனில்லை என்றதும் குழந்தைப் பால்மா டின் ஒன்றை வாங்கி அலுமாரியில் கண்ணில் படும்படி நிறுத்திவைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஷிபானாவுக்குத் தன் உடம்பின் மீதே வெறுப்பு வந்தது.

அதே டேகெயாரில் ஷிரோமியின் மகளும் இருந்தாள். கொழுகொழுவென்ற பிள்ளை. வங்கியில் வேலைபார்க்கும் ஷிரோமி சின்னப் போத்தல்தான் கொண்டுவருவாள். தன் பால் கொஞ்சம்தான், ஆனால் நல்ல சத்து என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள். ஷிபானா வயிறெரிந்து வீட்டுக்குப் போய் இன்னொரு கோப்பை கஞ்சி குடிப்பாள்.

பெரஹெரா ஊர்வலத்துக்கு வீதிகளை மூடுகிறார்கள் என்று ஒருநாள் அலுவலகம் மதியத்தோடு கலைந்தது. ஷிபானா நேரே டேகெயாருக்குப் போனாள். அவிக்கும்போது அடி உருகிக் கோணிப்போன அவளுடைய போத்தல், ஷிரோமியின் மகள் வாயில் இருந்தது. பஹீம் பால் தீர்ந்த ஒரு சின்னப் போத்தலில் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

போத்தலில் தாயின் பெயருக்கு முதலெழுத்து மட்டும் ஒட்டவேண்டும் என்பது மேபல் மிஸ்ஸின் சட்டம். இரண்டிலும் ‘ஷி’ என்றே இருந்தது.

“பெரிய போத்தல் பெரிய புள்ளைக்குத்தானே, மகள்,” என்றார் மேபல் மிஸ், கொஞ்சமும் அசராமல்.

ஷிபானாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் ஷிரோமியின் மகளுடைய கொழுத்த கன்னங்களைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் வந்தது.

வீட்டில் கைரியா தலையில் கைவைத்தார். ஒரு தாயின் பால் குடித்தவர்கள் மார்க்கப்படி உடன்பிறப்பு மாதிரி, மணமுடிக்க முடியாது. பஹீமுக்கு ஷிரோமியின் மகள் இனிப் பால்குடிச் சகோதரி. “நாளக்கி அந்த ஊட்டுல பொண்ணெடுக்கவும் ஏலாதே,” என்றார். ஷிரோமியுடையதைப் போன்ற கத்தோலிக்க வீட்டில் பெண்ணெடுக்க அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“அது ஈக்கட்டும் மாமி,” என்றாள் ஷிபானா. “எனக்குப் பால் பத்தலண்டு சொன்னீங்க. அந்தப் புள்ள யாருட பால்ல இப்புடி கொழுத்தீக்கி?”

கைரியா அலுமாரியிலிருந்து பால்மா டின்னை எடுத்து உடைத்து, தனக்கொரு தேத்தண்ணி போட்டுக்கொண்டார்.